வீட்டுப் படமும் விளம்பரச் சட்டமும்

பெங்களூரில் வீடு தேடும் நம் குடும்பங்கள் முன்பெல்லாம் தெருத்தெருவாக நடந்து 'டு லெட்' பலகை பார்த்தார்கள். இன்று முதலில் பார்ப்பது கைப்பேசியில் வரும் படத்தைத்தான். மதுரையிலோ மஸ்கட்டிலோ இருந்துகொண்டு ஒயிட்ஃபீல்டில் பிளாட் வாங்குகிறவருக்குப் படம்தான் வீடு. அந்தப் படத்தைக் கணினியில் திருத்தியிருந்தால் அதை விற்பவர் சொல்லியாக வேண்டுமா என்று சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அதற்கு விடையாகவே இக்கட்டுரை.

எல்லாத் திருத்தமும் ஏமாற்று அல்ல. இருட்டான அறையைக் கொஞ்சம் வெளிச்சமாக்குவதும் கோணலை நேராக்குவதும் கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் செய்கிற வேலைதான். காலி ஹாலில் இல்லாத சோபாவை வைப்பது அடுத்த படி. ஆனால் சுவரின் ஈரக்கறையை அழிப்பது, ஹைடென்ஷன் கம்பியை மறைப்பது, ராஜகாலுவை ஓடும் இடத்தில் புல்தரை போடுவது, இதெல்லாம் வேற சமாச்சாரம். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் ரோடு, ஏமலூர் பக்கம் கோடிகளில் விலைபோன வில்லாக்களுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கால்வாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் இந்த ஊரில் வீடு வாங்க முடியாது.

இந்த வித்தியாசத்தைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 'ஏபி 723' என்ற அந்தச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அறைகலன், தரை, சுவர், தோட்டம், ஜன்னல் வழியே தெரியும் காட்சி, மின்கம்பம் ஆகியவற்றைச் சேர்த்தோ நீக்கியோ மாற்றியோ விளம்பரம் செய்தால், படம் திருத்தப்பட்டது என்று கண்ணில் படும்படி தரகர் அறிவிக்க வேண்டும். அதோடு, திருத்தாத அசல் படத்தைப் பார்க்க இணைய முகவரியோ க்யூஆர் கோடோ கொடுக்க வேண்டும். வெளிச்சம், நிறச் சீர்மை, வெட்டுதல் போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. அசலைக் காட்டு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தில் திருத்திய படம் பற்றித் தனியாக ஒரு வரி கிடையாது. அதற்காகச் சட்டம் வாய்மூடி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. விளம்பரம் என்றால் எந்த வடிவிலான பிரசாரமும் அடங்கும் என்கிறது அதன் 2ஆம் பிரிவு. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர், அதிலிருந்த தவறான, பொய்யான கூற்றால் நஷ்டப்பட்டால் பில்டர் இழப்பீடு தர வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திரும்ப வேண்டும். கர்நாடக விதிகளின்படி அந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர் விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். படம் ஒரு 'கூற்று' ஆகுமா என்று கேட்கலாம். ஆகும் என்பது என் கருத்து. கண்ணால் காணும் சித்திரிப்பின் மூலம் பொய் சொல்வதையும் 7ஆம் பிரிவு முறைகேடு என்றே கணக்கில் எடுக்கிறது.

"படம் கற்பனையே" என்று புரோஷரின் மூலையில் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பிக்கலாமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இப்படிப்பட்ட பொறுப்புத் துறப்பு, விளம்பரம் சொல்லும் முக்கிய விஷயத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. எழுத்தும் மொழியும் அந்த விஷயத்தைச் சொன்னது போலவே இருக்க வேண்டும்.

நம்மவர்கள் பலர் வாங்குவது புது பிளாட் அல்ல, கைமாறும் வீடு. அங்கே 12ஆம் பிரிவு துணைக்கு வராது. அது பில்டரைப் பற்றியது. புதுக் கட்டடத்திலும் நிலம் 500 சதுர மீட்டருக்கோ வீடுகள் எட்டுக்கோ மேற்படாவிட்டால் ரெரா பதிவே தேவையில்லை. கைமாறும் வீட்டுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு உண்டு. தனக்குத் தெரிந்த பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியாத குறையாக அது இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற குறைக்கு அந்தப் பிரிவு உதவாது.

திருச்சி நண்பர் ஒருவருக்காக அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். படத்தில் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். நேரில் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடச் சுவர். "பாக்க நல்லா இருக்கணும்னு போட்டது சார்" என்றார் புரோக்கர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். வீடு வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே புரோஷரையும் வாட்ஸ்அப் படங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் அவைதான் சாட்சி. புதுத் திட்டமென்றால் கர்நாடக ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்தப் பூங்கா இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடென்றால் "எடிட் பண்ணாத படம் அனுப்புங்க" என்று எழுத்திலேயே கேளுங்கள். ஊரில் ஆளில்லாவிட்டால் வீடியோ காலில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பாத்ரூம் ஜன்னல் உள்பட.