தறிக்குழியில் பதுங்கும் 'ஷாக்'! மோட்டார் தறிக்கு எந்த ஒயர்? ரப்பர் கேபிள் வாங்கும் முன் கவனிங்க

காஞ்சீபுரம்,

மழைக்காலம் வந்துவிட்டால் காஞ்சீபுரம் நெசவாளர் வீடுகளில் முதலில் நனைவது தறிக்குழிதான். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தரைக்கு அடியில் இருந்து தண்ணீர் ஊறி குழி நிரம்புவதும், நாள்கணக்கில் தறி ஓடாமல் நிற்பதும் வருடா வருடம் நடப்பதுதான். 2015 நவம்பர், டிசம்பர் பெருமழையையும், பாலாற்றில் வெள்ளம் புரண்ட 2021 நவம்பரையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. தறி நின்றால் கூலி கிடையாது. அதனால் ஈரம் முழுசா காயும் முன்பே குழியில் காலை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தறி மோட்டாருக்குப் போகும் ஒயர் எப்படி இருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஈரத்தில் கால், தலைக்கு மேல் கரண்ட்

முன்பெல்லாம் ஜக்கார்டு பெட்டியை காலால் மிதித்துத்தான் தூக்க வேண்டும். கனமான டிசைன் என்றால் மாலைக்குள் முழங்கால் கழன்றுவிடும். இப்போது பெட்டியைத் தூக்க மட்டும் சின்ன மோட்டார் வைத்த தறிகள் வந்துவிட்டன. நாடா போடுவதும் ஊடை அடிப்பதும் கைதான், மிதிக்கிற வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. வயதான நெசவாளர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் இதனால் சுவரில் இருந்த கரண்ட் தறிக்கு வந்துவிட்டது. நெசவாளியின் இரண்டு காலும் மண் குழிக்குள். கைக்கு எட்டும் தூரத்தில் இரும்பு உடம்பு கொண்ட மோட்டார். ஒயரின் தோல் ஒரு இடத்தில் கிழிந்து கம்பி மோட்டார் உடம்பைத் தொட்டால் போதும், கை வழியாக ஏறும் கரண்ட் கால் வழியாக நேராக ஈர மண்ணுக்குள் இறங்கும். காய்ந்த தோலை விட நனைந்த தோலில் கரண்ட் பாய்வது ரொம்ப சுலபம். செருப்பு போட்டுக்கொண்டு யாரும் குழியில் இறங்குவதும் இல்லை.

சீலிங் பேன் ஒன்று சுமார் 75 வாட்ஸ். அது இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ 0.3 ஆம்பியர், அதாவது 300 மில்லி ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்கான 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்பில் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. 'சின்ன மோட்டார்தானே, என்ன பண்ணிடும்' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பில் இலவசம், ஒயர் நம்ம பொறுப்பு

கைத்தறி நெசவாளர்களுக்கு 2 மாதத்துக்கு 200 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. விசைத்தறிக்கு 750 யூனிட் 1,000 யூனிட் ஆனது. ஆனால் மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்குள் ஓடும் ஒயர் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. மின்வாரியத்துக்காரர்கள் வந்து மாற்றித் தர மாட்டார்கள்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. மோட்டாருக்கு செலவு செய்தவர்கள் ஒயருக்கு கணக்கு பார்க்கிறார்கள். வீட்டில் பல்பு போட்டது போக மிச்சம் கிடந்த ஒயர், சீரியல் லைட்டுக்கு வாங்கிய முறுக்கு ஒயர், எதுவோ கையில் கிடைத்ததை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். மோட்டாரும் ஓடுகிறது. ஓடுகிறதே என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பட்டு நூல் மாதிரி இழை

சுவருக்குள் பைப்பில் போடுவதற்கென்றே உள்ள ஒயர் உண்டு. பழைய எலக்ட்ரீசியன்கள் 1/18, 3/20 என்று சொல்வார்கள். முதல் எண் எத்தனை கம்பி, இரண்டாவது எத்தனையாம் நம்பர் கனம் என்பதைக் காட்டும். 1/18 என்றால் உள்ளே ஒரே ஒரு தடித்த கம்பி. அசையாத சுவருக்குள் இருக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

தறி அப்படி இல்லை. மோட்டார் நகராது, போல்ட் போட்டு முறுக்கிய இடத்திலேயே இருக்கும். ஆனால் பெட்டி ஏறி இறங்க ஏறி இறங்க சட்டம் முழுவதும் அதிரும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் ஆட்டம் வாங்கும் தடித்த கம்பி உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியில் பார்த்தால் ஒயர் நன்றாகவே தெரியும். உள்ளே பாதி அறுந்த இடத்தில் சூடு ஏறும், பொறி பறக்கும், மேல் தோல் இளகும்.

இதற்குத்தான் பல இழை போட்ட வளையும் கேபிள். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். கேபிளைப் பிரித்தால் உள்ளே முடி போன்ற மெல்லிய செம்பு இழைகள் இருபது, முப்பது இருக்கும். நெசவாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல இழை சேர்த்து முறுக்கிய பட்டு எப்படி வளைந்து கொடுக்கிறது, அதே கனத்தில் ஒரு குச்சி எப்படி ஒடிகிறது என்பது கையிலேயே தெரியும்.

உள்ளே இழை சரியாக இருந்தால் மட்டும் போதாது, மேலே போர்த்தியிருக்கும் தோலும் அதற்கு ஏற்ப வளைய வேண்டும். ரப்பர் கேபிள் தேவைப்படுவது இதற்காகத்தான்.

தாத்தா காலத்து ரப்பர் வேற, இப்போதைய ரப்பர் வேற

ரப்பர் ஒயர் புதுசு ஒன்றும் இல்லை. சின்ன காஞ்சீபுரம், பெரிய காஞ்சீபுரம் பழைய வீடுகளில் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஒயர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால பேட்டன் ஒயரிங்கில் ரப்பர் தோல் போட்ட ஒயர்கள்தான் நிறைய. பிளாஸ்டிக் என்கிற பி.வி.சி. ஒயர் பிறகுதான் வந்து இடத்தைப் பிடித்தது.

அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பருடன் கந்தகம் சேர்த்து சூடாக்கினால் அது வெயிலில் இளகாமல், குளிரில் உடையாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகே ரப்பர் கரண்ட் வேலைக்கு லாயக்கானது. ஆனால் அதே கந்தகம் செம்பைத் தின்னும். அதனால்தான் பழைய ரப்பர் ஒயரை உரித்தால் உள்ளே செம்பு வெள்ளையாக இருக்கும், ஈயம் பூசி வைத்திருப்பார்கள். பலரும் அதை அலுமினியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பழைய ரப்பருக்கு ஆயுசு உண்டு. தாங்கும் சூடு 60 டிகிரிதான். வருஷம் போகப் போக காய்ந்து, வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். இன்றும் வீட்டில் பேட்டன் ஒயரிங் இருக்கிறது என்றால் அதைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பதே ஆபத்து. மொத்தமாக மாற்றுவது ஒன்றுதான் வழி. அதில் இருந்து தறி மோட்டாருக்கு ஒரு லைன் இழுப்பது தற்கொலைக்கு சமம்.

இப்போது கேபிளுக்கு வரும் ரப்பர் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்படும் செயற்கை ரப்பர். உள் தோலாக வரும் எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர் 90 டிகிரி சூட்டைத் தாங்கும். சாதாரண பி.வி.சி.க்கு எல்லை 70 டிகிரி. வெளித் தோலாக வரும் நியோபிரீன் எண்ணெயையும் வெயிலையும் நன்றாக சமாளிக்கும். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1930-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சரக்கு இது. மோட்டாருக்கு எண்ணெய் விடும்போது நாலு சொட்டு ஒயரில் சிந்தாத தறி எங்கே இருக்கிறது?

காற்றாலை கோபுரத்துக்குள் தொங்கி, இறக்கை திரும்பும் பக்கம் எல்லாம் முறுக்கிக்கொடுக்கும் கேபிளும், வெல்டிங் பட்டறையில் தரையில் இழுபடும் தடித்த கருப்பு கேபிளும் இதே இனம்தான்.

சாயப்பட்டறையில் நீராவி

பட்டு நூலில் உள்ள பசையை எடுக்க சோப்பும் சோடாவும் போட்டு, கொதிக்கும் நிலைக்கு நெருங்கிய வெந்நீரில் அலசுவார்கள். பிறகு சாயம். அந்த இடம் முழுக்க நீராவி, தரை முழுக்க ஈரம், காற்றில் ஆசிட் வாடை. தொட்டிக்கு மேலே தொங்கும் பி.வி.சி. ஒயர் சூட்டில் இளகி, பிறகு ஆறும்போது இறுகி, சில வருடங்களில் முறுக்கு போல உடையத் தொடங்கும்.

பம்பு மோட்டாருக்குப் போகும் கடைசி சில அடி, தொட்டிக்கு அருகில் உள்ள விளக்கு, இந்த இடங்களுக்கு ரப்பர் கேபிள் நல்லது. ஹீட்டரை ஒட்டிய இடம் என்றால் அதுவும் போதாது. 150 டிகிரிக்கு மேல் தாங்கும் சிலிக்கான் ரப்பர் ஒயர் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அது மென்மையானது, சீக்கிரம் கிழியும். ஸ்லீவுக்குள் விட்டுத்தான் போட வேண்டும்.

கோவில் விழாவில்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்திவரதர் தரிசனத்துக்கு ஒரு கோடி பேர் வந்ததாகச் சொல்லப்பட்ட ஊர் இது. அதை விட்டாலும் வைகாசி பிரம்மோற்சவம், கருட சேவை என்று வருடம் பூராவும் கூட்டம். சாமி புறப்பாட்டில் விளக்குக்கு ஜெனரேட்டரில் இருந்து போகும் கேபிள் காலில் மிதிபடும், வண்டிச் சக்கரத்தில் நசுங்கும், மழையில் நனையும். இங்கே ரப்பர் கேபிள் இல்லாமல் மெல்லிய ஒயர் போடுவது யாராக இருந்தாலும் கண்டிக்க வேண்டிய விஷயம்.

அதே நேரம் ரப்பர் கேபிள் என்றால் எதையும் தாங்கும் என்று நம்பிவிடக்கூடாது. இந்த வகை கேபிளின் எல்லை 1,100 வோல்ட். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த கம்பியில் உரசி 11 பேர் பலியானார்களே, அந்த மாதிரி லைனுக்கு முன்னால் எந்த ரப்பரும் நிற்காது. அங்கே லைனை ஆப் செய்வது ஒன்றே பாதுகாப்பு.

கடையில் ஏமாறாதீங்க

கருப்பாக, உருண்டையாக இருந்தால் போதும், 'ரப்பர் கேபிள்' என்று கட்டிக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. பல நேரம் அது கருப்பு பி.வி.சி.தான். ரப்பருக்கு விலை கூடுதல், அதனால்தான் இந்த வேலை.

கேபிள் மேல் தோலில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ரப்பர் வகைக்கு ஐ.எஸ். 9968 என்று இருக்கும். ஐ.எஸ். 694 என்று இருந்தால் அது பி.வி.சி. இரண்டுக்குமே ஐ.எஸ்.ஐ. முத்திரை 2003-ல் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி கட்டாயம். முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செல்போன் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியின் லைசென்ஸ் என்று வந்துவிடும். கையால் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். ரப்பர் மேல்புறம் மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். மடக்கி விட்டால் துள்ளி நிமிரும். பி.வி.சி. பளபளக்கும், மடித்த இடம் அப்படியே நிற்கும்.

வாங்கும்போது மூன்று கோர் கேபிளாக வாங்க வேண்டும். கரண்ட் வர ஒன்று, திரும்ப ஒன்று, பச்சை நிறத்தில் எர்த் ஒன்று. காசை மிச்சம் பிடிக்க இரண்டு கோர் வாங்கி எர்த்தையே விட்டுவிடுவதுதான் காஞ்சியில் மட்டும் அல்ல, எல்லா ஊரிலும் நடக்கும் கொடுமை. எவ்வளவு ஒசத்தி ரப்பர் போட்டாலும் எர்த் இல்லாவிட்டால் மோட்டார் உடம்பில் கசியும் கரண்டுக்கு நெசவாளியின் உடம்புதான் எர்த்.

அரை எச்.பி. வரைக்குமான தறி மோட்டாருக்கு ஒன்றரை ஸ்கொயர் செம்பு தாராளம். நீளம் அதிகம் என்றால் இரண்டரை போடலாம். நடுவில் ஜாயிண்ட் கூடாது. மோட்டார் டெர்மினல் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கிளாண்ட் போட்டு இறுக்க வேண்டும். டேப் சுற்றிய ஜாயிண்ட் குழிக்கு அருகில் கிடந்தால் நல்ல கேபிள் வாங்கியதே வீண். ஒரு விஷயத்தில் மட்டும் ரப்பரும் பி.வி.சி.யும் ஒன்றுதான், எலி இரண்டையும் கடிக்கும். எலி நடமாட்டம் உள்ள இடத்தில் பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

எம்.சி.பி. காப்பாற்றாது

போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் கவனிக்க. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். உடம்பில் பாயும் கரண்ட் அதில் நூற்றில் சில பங்குதான், எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஒயரை காப்பாற்றத்தான் அது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

குழியில் தண்ணீர் வந்தால்

குழிக்குள் தண்ணீர் தெரிந்ததும் முதல் வேலை மெயினை ஆப் செய்வது. தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக்கூடாது. மோட்டாரோ கேபிள் முனையோ நனைந்திருந்தால் தண்ணீர் வடிந்த உடனே போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். உரிமம் உள்ள ஒயர்மேனை அழைத்து மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், காய வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின். அது எட்டாத தூரத்தில் இருந்தால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிட்டு 108-க்கு போன் செய்யவும். கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் தீப்பொறி வந்தால் அதை நீங்களே தொட வேண்டாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987, இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம்.