விளையாட்டு உடைக்கும் ஓர் ஆணி

ஆனி மாதத்து மாலைப் பொழுதொன்றில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள பாடசாலை ஒன்றின் மைதானத்தில் நாம் நின்றிருந்தோம். மழை சற்றே ஓய்ந்திருந்தது. எதிர்மலையின் தேயிலைச் சரிவை மூடுபனி பாதி மறைத்திருந்தது. வலய மட்டப் போட்டிக்காக மாணவியர் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் வெள்ளைச் சீருடையுடன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை காரணம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "உடுப்பு காயலிங்க டீச்சர்" என்றாள்.

அந்த வாரத்தில் அவள் பயிற்சியைத் தவறவிட்டது அது மூன்றாம் முறை என்று பின்னர் அறிந்தோம். அவளுடைய காலில் குறையில்லை, ஊக்கத்திலும் குறையில்லை. ஈரம் உலராத ஒரு காற்சட்டையும் ஒரு மேற்சட்டையுமே அவளைத் தடுத்து நிறுத்தியிருந்தன.

விளையாட்டு உடைகளை வீட்டில் ஒழுங்குபடுத்தி வைப்பது ஒரு கட்டுரைக்குரிய விஷயமா என்று வாசகர்கள் வினவலாம். பெரிய நகரங்களில், அறைக்கோர் அலுமாரி உள்ள வீடுகளில், அது அழகைப் பற்றிய கேள்வியாக இருக்கலாம். மலையகத்திலோ ஒரு பிள்ளை ஓடுவதா, ஓரமாக நிற்பதா என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது. ஆகவே அதைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசுவது பயனுடையதென்று கருதுகிறோம்.

இரண்டு ஆணிகளும் ஒரு பெட்டியும்

மறுநாள் ஆசிரியையுடன் அச்சிறுமியின் இல்லத்துக்குச் சென்றோம். அது பழைய லயம் ஒன்றில் நடுக்காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற பழைய அளவில் அமைந்த அறை. முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஐந்து பேர் அங்கே வாழ்கின்றனர். தாயார் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கிலிருந்து நீர் சொட்டியது. அதை அவிழ்த்து இஸ்தோப்பின் கொடியில் போட்டுவிட்டு, "உட்காருங்க ஐயா" என்று நம்மை வரவேற்றார்.

அந்த இல்லத்தில் உடைகள் தங்குவதற்கிருந்த இடங்களை நாம் எண்ணிப் பார்த்தோம். இஸ்தோப்பில் ஒரு கொடி. சுவரிலே இரண்டு ஆணிகள். கட்டிலின் கீழ் ஒரு தகரப் பெட்டி. மூலையில் ஒரு துணி மூட்டை. முதல் ஆணியில் தகப்பனாரின் சட்டை தொங்கியது. இரண்டாம் ஆணியில் மூத்த மகனின் கிரிக்கெட் உடைகள் தொங்கின. பாடசாலைச் சீருடைகள் மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் இருந்தன. சிறுமியின் விளையாட்டு உடையோ மூலையிலிருந்த மூட்டைக்குள், மற்றத் துணிகளுக்கு அடியில் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் இன்னும் ஈரம்.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. தோட்டத்து வேலை உடையும் பாடசாலைச் சீருடையும் ஒவ்வொரு நாளும் தேவைப்படுவன. அவை முன்னிடம் பெறுவது இயல்பே. மூத்தவன் கழகத்துக்கு விளையாடுபவன். அவனுடைய உடைக்கு ஆணி கிடைத்துவிட்டது. சிறுமியின் உடைக்கு மட்டும் இடமென்று ஒன்று ஒதுக்கப்படவேயில்லை. இடம் இல்லாத பொருள் எப்போதும் அடியிலேதான் போய்ச் சேரும்.

மலைநாட்டில் விளையாட்டு உடைக்கு மதிப்பு இல்லாதிருந்த காலமே இல்லை. நுவரெலியாவில் கோல்ஃப் கழகம் 1889ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் டென்னிஸுக்கு ஓர் உடை, குதிரைச் சவாரிக்கு ஓர் உடை என்று பங்களாக்களில் வகுத்து வைத்திருந்தார்கள். அவற்றை வைக்க அலுமாரியும் இருந்தது. துவைத்து மடித்து வைக்க வேலையாட்களும் இருந்தார்கள். அந்த மலையின் மறுபக்கத்தில் கொழுந்து பறித்தவர்களின் குடும்பத்துக்கு ஒரே ஒரு காம்பராதான் இருந்தது. ஒழுங்கு என்பது குணத்தினால் மட்டும் வருவதன்று, இடத்தினாலும் வருவது என்பதை இது காட்டுகிறது.

துணி ஏன் உலர்வதில்லை?

மாணவர்களுக்கு இதில் ஒரு விஞ்ஞானப் பாடமும் உண்டு. ஹட்டன் நாலாயிரம் அடிக்கு மேலும், நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலும் உயர்ந்த இடங்கள். நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். குளிர்ந்த காற்றுக்கு நீராவியைத் தாங்கும் சக்தி குறைவு. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. 16 பாகையில் அதே அளவு காற்று 14 கிராம் அளவே தாங்கும். மூடுபனி சூழ்ந்த நேரத்தில் காற்று அந்த அளவையும் முன்னரே நிரப்பிக்கொண்டிருக்கும். பிறகு நமது துணியிலுள்ள நீர் எங்கே போகும்? வைகாசி முதல் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளை நனைக்கும் மாதங்களில், கொடியில் போட்ட துணி மூன்று நாளும் நனைந்தபடியே இருப்பதன் காரணம் இதுவே.

துணியின் இனமும் கவனிக்கத்தக்கது. பருத்தி நூல், வெளிப்பார்வைக்கு உலர்ந்திருக்கும்போதும், தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து பெற்று வைத்திருக்கும். பொலியெஸ்டர் நூலில் அது அரைப் பங்குக்கும் குறைவு. ஆகவே மலைநாட்டு மழைக்கு பொலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை விரைவில் உலரும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. 2014ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகர ஆராய்ச்சியாளர்கள், 26 பேர் உடற்பயிற்சி செய்தபின் கழற்றிய சட்டைகளைச் சோதித்தனர். பருத்திச் சட்டைகளைவிட பொலியெஸ்டர் சட்டைகளே அதிகத் துர்நாற்றம் வீசின. நாற்றத்தை உண்டாக்கும் சிலவகை நுண்ணுயிர்கள் அந்த நூலிலே செழித்து வளர்வதை அவர்கள் கண்டனர். வியர்வை பட்ட பொலியெஸ்டர் உடையை மூட்டையில் சுருட்டி வைப்பது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

நாம் கற்ற ஒழுங்கு

பல இல்லங்களில் அனுபவமுள்ள தாய்மார் செய்வதைக் கண்டும் கேட்டும் நாம் தொகுத்தவற்றை இங்கே தருகிறோம். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டுவதில்லை.

முதலாவது, பயிற்சி முடிந்து வந்தவுடன் உடையைக் கழற்றி விரித்துத் தொங்கவிட வேண்டும். துவைப்பது மறுநாளாயினும் ஆகுக. ஈரத்துடன் சுருட்டி வைப்பது மட்டும் கூடாது. ஓர் இரவு மூட்டையில் கிடந்தால் வாடை ஏறும். சில நாட்கள் கிடந்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் பிடித்த துணி துவைத்தாலும் எளிதில் தெளியாது.

இரண்டாவது, பீலியில் அலசிய உடையை நன்றாகப் பிழிந்த பின்னர், காய்ந்த துவாய் ஒன்றின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி அழுத்த வேண்டும். மிச்ச நீரில் பெரும்பகுதியைத் துவாய் வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு செயலால் உலரும் நேரம் வெகுவாகக் குறையும். கொடியில் போடும்போது துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி விடுவதும் அவசியம். துணிகளுக்கிடையே காற்று புகுந்து போனால்தான் ஈரம் அகலும்.

மூன்றாவது, அடுப்பின் நேர்மேலே உலர்த்துவதைத் தவிர்க்க வேண்டும். புகை வாடை ஏறுவதுடன், தீப்பற்றும் அபாயமும் உண்டு. மேலும், இக்காலத்து விளையாட்டு உடைகளில் இழுபடும் நூல் கலந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நூல் கடும் வெப்பத்தில் தன் இழுவிசையை இழந்துவிடும். இடுப்புப் பட்டி தளர்ந்த காற்சட்டையுடன் எந்தப் பிள்ளைதான் ஓட முடியும்?

நான்காவது மிக முக்கியமானது. தோட்டத்தில் களைகொல்லியோ பூச்சிமருந்தோ தெளிப்பவர்களின் வேலை உடையை வீட்டுத் துணிகளுடன் ஒருபோதும் கலக்கலாகாது. அதைத் தனியே வைத்து, தனியே துவைத்து, தனியே உலர்த்த வேண்டும். அந்த மருந்து பிள்ளைகளின் உடைக்கு மாறினால், வியர்வை சுரக்கும் உடலில் அது நேரே படும். காம்பராவில் இடம் எவ்வளவு குறுகியதாயினும் இந்த ஒரு பிரிவினையை விட்டுவிடக் கூடாது.

ஐந்தாவது, விளையாட்டு உடைகளை ஆளுக்கொரு பையில் இணையாக வைக்க வேண்டும். சட்டை, காற்சட்டை, காலுறை மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி வைத்தால், காலையில் இருட்டில் தேடும் தொல்லையில்லை. துணிப்பை சிறந்தது, பொலித்தீன் பை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பையைச் சுவரோடு ஒட்டாமல் தொங்கவிட வேண்டும், ஏனெனில் மழைக்காலத்தில் சுவரே ஈரம் கசியும். அடுப்புக் கரித்துண்டுகள் சிலவற்றைத் துணியில் முடிந்து பைக்குள் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வாடையை ஓரளவு குறைக்கும். ஆனால் ஈரத் துணியை உலர்த்திவிடாது. நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் விரைவில் காயும்.

கடைசியாக, உடைகளின் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து உடை இருந்து ஒன்றும் உலராமல் கிடப்பதைவிட, இரண்டு உடை மாறி மாறி உலர்ந்திருப்பது மேல். கிழிந்ததும் சிறுத்ததுமானவற்றை நினைவுக்காகச் சேர்த்து வைப்பது, இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடும். அண்டை வீட்டுத் தங்கைக்கோ தம்பிக்கோ அவை பயன்படட்டும்.

யாருக்கு முதலிடம்?

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆலோசனையின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் உலகக் கணக்கை ஆராய்ந்தபோது, 11 முதல் 17 வயதுடைய மாணவரில் நூற்றுக்கு 81 பேருக்கு அது போதிய அளவு வாய்க்கவில்லை என்று தெரிந்தது. ஆண் பிள்ளைகளில் அது 78. பெண் பிள்ளைகளிலோ 85. அந்த வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். இரண்டாம் ஆணி யாருக்கு என்ற கேள்வியும் அவற்றுள் ஒன்றென்றே நமக்குத் தோன்றுகிறது.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி இன்னொன்றும் உண்டு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. அதன் பின்னர் நமது நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. உலகின் பல தேசங்களுக்கு விளையாட்டு உடைகளைத் தைத்து அனுப்பும் அத்தொழிற்சாலைகளில் மலையகத்து இளம் பெண்களும் வேலை செய்கின்றனர். அக்கா எங்கோ ஒரு நாட்டுப் பிள்ளை ஓடுவதற்கான உடையைத் தைக்கிறாள். லயத்திலே தங்கையின் உடை மூட்டைக்குள் நனைந்து கிடக்கிறது.

புதிய வீடுகளில் இந்நிலை மாறக்கூடும். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில் அமைந்த தனி வீடுகள் இந்திய உதவியுடன் மலையகத்தில் கட்டப்பட்டு வருகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்னர் அறிவித்த 4,000 வீடுகளுடன் மேலும் 10,000 வீடுகளுக்கு உதவுவதாக அறிவித்தார். புது வீட்டுக்குக் குடிபுகுவோர், தொலைக்காட்சிக்கு இடம் பார்க்கும்போதே பிள்ளைகளின் விளையாட்டுப் பைகளுக்கும் ஒரு சுவரைப் பார்த்து வைப்பது நன்று. இன்னும் லயங்களிலேயே வாழும் குடும்பங்கள் பல. அவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆணிக்கு எந்தச் சுவரிலும் இடம் உண்டு.

நாம் விடைபெறும் வேளையில், பேச்சையெல்லாம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார் எழுந்து வெளியே சென்றார். முன்னாளில் தேயிலை அனுப்பப் பயன்பட்ட பெட்டியின் பலகையொன்றை எங்கிருந்தோ எடுத்து வந்தார். "இத இஸ்தோப்பு மூலையில அடிச்சா சரியா வருமாங்க டீச்சர்?" என்று கேட்டார். மூத்த மகன் ஏறி நின்று பலகையைப் பிடிக்க, அவர் ஆணி அடித்தார். மழைச்சாரல் படாத, காற்று நடமாடும் மூலை அது. அதன் கீழே சிறுமியின் பை தொங்குவதற்கென்று தனியாக ஓர் ஆணியும் அடிக்கப்பட்டது.

சில வாரங்களின் பின் ஆசிரியையைச் சந்தித்தோம். அதற்குப் பிறகு அச்சிறுமி ஒரு நாளும் பயிற்சியைத் தவறவிடவில்லையாம். போட்டியில் பரிசு பெற்றாளா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இல்லை, நான்காவதாக வந்தாள். அடுத்த ஆண்டும் ஓடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இல்லத்தில் இருக்கும் நாள். உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள ஆணிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எதில் யாருடைய உடை தொங்குகிறது, எவருடையது மூட்டைக்குள் கிடக்கிறது என்றும் பாருங்கள். ஓர் ஆணி குறைந்தால், மாலைக்குள் அதை அடித்துவிடலாம்.