எலெக்ட்ரிக் காரில் 'பெர்ஃபாமன்ஸ்' மாடலுக்கு வேற மோட்டாரா? கூடுதல் காசு எதுக்குப் போகுது?

பெட்ரோல் காரில் விஷயம் ஈஸி. டர்போ இன்ஜின் இருக்கா இல்லையா என்று பானெட்டைத் திறந்தாலே மெக்கானிக் சொல்லிவிடுவார். எலெக்ட்ரிக் காரில் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே அதே பாடி, விலை மட்டும் பல லட்சம் அதிகம். அப்போ உள்ளே இருப்பது வேறு மோட்டாரா, இல்ல பூட்டி வைத்த பவரைத் திறந்து விடுறாங்களா?

ரெண்டுமே நடக்கிறது. எது என்பது கம்பெனியைப் பொறுத்தது, மாடல் வருஷத்தையும் பொறுத்தது.

டெஸ்லாவையே எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் இரண்டு மோட்டார் கொண்ட மாடல் 3 லாங் ரேஞ்ச் கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு ஆஃபர் வந்தது. 2,000 டாலர் கட்டினால் சாஃப்ட்வேர் அப்டேட் வரும். அதுவரை 60 மைல் வேகத்தைத் தொட 4.4 விநாடி எடுத்த கார், அதற்குப் பிறகு 3.9 விநாடியில் தொட்டது. யாரும் ஸ்பானரைத் தொடவில்லை.

இது எப்படி சாத்தியம்? பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போகணும் என்பதை நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர்தான் முடிவு செய்கிறது. கரன்ட் கூடினால் இழுவை கூடும். அந்த உச்சவரம்பை சாஃப்ட்வேரில் மாற்றலாம். ஆனால் கரன்ட் கூடினால் சூடும் ஏறும். மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றில் எது முதலில் தாங்காதோ, அதுதான் எல்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம். பெர்ஃபாமன்ஸ் கார்களுக்கு, தயாரானவற்றில் அதிக பவர் தரும் யூனிட்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு மடங்கு நேரம் ஓட்டிச் சோதிப்பதாக 2018-ல் எலான் மஸ்க் ட்விட்டரில் சொன்னார். நல்ல மாம்பழமாகப் பொறுக்குவது போலத்தான்!

ஆனால் 2024-ல் வந்த புது மாடல் 3 பெர்ஃபாமன்ஸில் கதை மாறியது. அதில் புதிய டிரைவ் யூனிட், உச்ச பவர் 32% அதிகம் என டெஸ்லாவே அறிவித்தது. ஹூண்டாய் அயோனிக் 5 என் இன்னும் ஒரு படி மேல். சாதாரண அயோனிக் 5-ன் நான்கு சக்கர இழுவை மாடல் 239 கிலோவாட். 'என்' மாடல் 448 கிலோவாட். மோட்டார், இன்வெர்ட்டர், கூலிங், பிரேக் எல்லாமே தனி. இதை சாஃப்ட்வேரால் மட்டும் கொண்டுவர முடியாது.

அதனால் ஷோரூமில் மொத்த ஹெச்பியை மட்டும் கேட்டு வராதீங்க. முன், பின் மோட்டார் தலா எத்தனை கிலோவாட், பிரேக்கும் கூலிங்கும் வேறயா என்று கேளுங்க. சாஃப்ட்வேர் மட்டும்தான் என்றால், அந்தப் பவர் ஒருமுறை கட்டணமா, வருஷ சந்தாவா என்பதையும் எழுத்தில் வாங்குங்க. மெர்சிடிஸ் 2022-ல் அமெரிக்காவில் இதே வசதிக்கு வருஷம் 1,200 டாலர் என்று அறிவித்தது. மோட்டார் அதேதான், வாடகை மட்டும் புதுசு.