காற்றாடிகள் தண்ணீரின் சூட்டைக் கேட்கட்டும்

பிற்பகல் மூன்று மணிக்குத் தங்காக்கில் ஏர்கோன் போடாத அறை ஒன்றில் வெப்பமானியை வைத்தால் 32 டிகிரி காட்டும். லேடாங் மலையடிவாரம் என்பதற்காக ஊருக்குள் வெயில் தணிந்துவிடுவதில்லை. அந்த அறையில் கல்யாண வீடியோ வெட்டுகிற, இரவானால் விளையாட்டுக்கும் பயன்படுகிற தண்ணீர்க் குளிர்ச்சிக் கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஆறு காற்றாடிகள், ஒரு பம்பு. அதிக ரிங்கிட் கொடுத்துத் தண்ணீருக்கு மாறியதே சத்தம் குறையத்தான். ஆனால் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ஆறும் சேர்ந்து உறுமுகின்றன. பத்து விநாடியில் அடங்கி, மறுபடி உறுமுகின்றன. கணினியில் பழுது எதுவும் இல்லை. காற்றாடிகள் எந்த வெப்பத்தைப் பார்த்து ஓடுகின்றன என்பதில்தான் தவறு.

மதர்போர்டு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே, காற்றாடிகளைப் புராசசரின் சூட்டோடு கட்டிவைத்து அனுப்புகிறார்கள். நகத்தளவு சிலிக்கானுக்கு வேலை வந்தால், அரை விநாடிக்குள் 20, 30 டிகிரி துள்ளும். வேலை முடிந்ததும் அதே வேகத்தில் இறங்கும். காற்று நேரடியாகப் புராசசரின் மேல் வீசும் சாதாரணக் கணினிக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். தண்ணீர்க் குளிர்ச்சியில் காற்றாடி புராசசரைத் தொடுவதே இல்லை. ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீரைத்தான் ஆற்றுகிறது. தண்ணீரோ அவ்வளவு எளிதில் சூடேறாது. புராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் வெப்பத்தைக் கொட்டினாலும், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி ஏறப் பத்து விநாடி ஆகும், அதுவும் காற்றாடி சுற்றாமலே நின்றால். அரை விநாடித் துள்ளலுக்கெல்லாம் காற்றாடி பாய்ந்து ஓடுவதால் தண்ணீருக்கு ஒரு லாபமும் கிடையாது. நம் காதுதான் வலிக்கும்.

ஊரில் பாதி இளைஞர்கள் ஓட்டும் வை15 மோட்டாரைப் பாருங்கள். அதன் ரேடியேட்டர் காற்றாடி, முறுக்கை எவ்வளவு திருகினோம் என்று பார்ப்பதில்லை. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால்தான் சுற்றத் தொடங்கும். கணினிக்கும் அதுதான் முறை. குழாய் வழியில் திருகிப் பொருத்தும் சிறிய வெப்ப உணரி ஒன்று போதும். அதன் இரண்டு கம்பிகளை மதர்போர்டிலுள்ள வெப்ப உணரி முனையிலோ, அக்வாகம்ப்யூட்டரின் ஆக்டோ போன்ற தனிக் கட்டுப்பாட்டுப் பலகையிலோ செருகிவிடலாம். ஆக்டோவில் எட்டுக் காற்றாடி வழிகளும் நான்கு வெப்ப உணரி முனைகளும் உண்டு. மதர்போர்டில் அந்த முனை இருந்தால், ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டே வேலையை முடித்துவிடலாம்.

தண்ணீரின் சூட்டை மட்டும் பார்த்தால் ஐரோப்பாவில் போதும். நம் ஊரில் போதாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே அறை 21 டிகிரி. தண்ணீர் 40ஐத் தொட்டால் காற்றாடி முழு வேகம் என்று வைப்பது அவர்களுக்குச் சரி. தங்காக்கில் மதியம் அறையே 32. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீரை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. நல்ல அமைப்பிலும் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக, 42இல்தான் நிற்கும். அதே கணக்கை இங்கே வைத்தால் மதியம் முழுக்கக் காற்றாடிகள் உச்சத்தில் அலறும். இரவில் ஏர்கோன் போட்டு அறை 24க்கு வந்ததும், தேவையான நேரத்திலும் சோம்பிக் கிடக்கும். அதனால் ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் இடத்தில் இன்னோர் உணரியை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு காற்றாடியை ஓட்ட வேண்டும். வித்தியாசம் மூன்று டிகிரி என்றால் நிமிடத்துக்கு 500 சுற்று. பத்து டிகிரி என்றால் 1,200. பதினைந்தைத் தாண்டினால் முழு வேகம். மதியமோ நள்ளிரவோ, இது ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

வேகத்தைச் சொல்லும் வேலை காற்றாடியின் நான்காவது கம்பியுடையது. முதல் இரண்டும் தரையும் 12 வோல்ட்டும். மூன்றாவது, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் திருப்பி அனுப்பி, ‘நான் இவ்வளவு வேகத்தில் ஓடுகிறேன்’ என்று சொல்லும். நான்காவதில் விநாடிக்கு 25,000 முறை அணைந்து எரியும் சமிக்ஞை வரும். அதில் எரியும் நேரம் கூடினால் வேகம் கூடும். மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது என்பதால்தான் அந்த எண்ணைத் தேர்ந்தார்கள். இந்த நான்காவது கம்பி அறுந்தால் காற்றாடி நிற்காது, முழு வேகத்தில் ஓடும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

பல காற்றாடி எதற்கு? வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். தின்னும் மின்சாரமோ எட்டில் ஒன்றாகிவிடும். சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். மூன்று காற்றாடியை 1,200இல் ஓட்டுவதைவிட ஆறை 600இல் ஓட்டுவது நல்லது. எண்ணிக்கை இரட்டிப்பானதால் ஏறும் சத்தம் மூன்றே டெசிபல். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஏழு இறக்கைக் காற்றாடி ஒன்று 1,200இலும் பக்கத்தில் இருப்பது 1,230இலும் ஓடினால், ஒன்றின் ஒலி விநாடிக்கு 140 அதிர்வு, மற்றதன் ஒலி 143.5. இரண்டும் கலந்து விநாடிக்கு மூன்று நான்கு முறை ‘வூம் வூம்’ என்று ஏறி இறங்கும். தலைவலி வரவைக்கும் சத்தம் அது. மேல் ரேடியேட்டரையும் முன் ரேடியேட்டரையும் தனித்தனி வழியில் போட்டு, வேகத்தில் 150 சுற்றாவது வித்தியாசம் வைத்தால் அது காணாமல் போகும்.

மதர்போர்டின் ஒரு காற்றாடி முனை பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். ஆறு காற்றாடியை ஒரே முனையில் தொங்கவிடாமல், ரேடியேட்டருக்கு ஒன்றாக, சாட்டா மின்சாரத்தில் ஓடும் ஹப்பில் சேர்ப்பதே பாதுகாப்பு. ஆனால் ஹப் ஒரே ஒரு காற்றாடியின் வேகத்தைத்தான் திருப்பிச் சொல்லும். மற்றவற்றில் ஒன்றுக்குள் பல்லி புகுந்து சிக்கி நின்றாலும் திரையில் தெரியாது. நம் வீடுகளில் பல்லிக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

பம்பைக் காற்றாடி மாதிரி ஆட்டிவைக்கக் கூடாது. 400 வாட் வெப்பத்தைச் சுமக்கும் தண்ணீர், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் ஒரு சுற்றில் ஆறு டிகிரி ஏறும். இரண்டு லிட்டரில் மூன்று. நான்கு லிட்டரில் ஒன்றரை. அதற்கு மேல் பம்பை விரட்டிக் கிடைப்பது இரைச்சல்தான். பலரும் போடும் டி5 பம்பு 4,800 சுற்றுவரை போகும். அதை 2,500க்கும் 3,000க்கும் இடையே ஒரே வேகத்தில் விட்டுவிடலாம். மின்சாரத்தை நேராகப் பவர் சப்ளையிலிருந்து எடுத்துக்கொண்டு, வேகக் கம்பியை மட்டும் ‘சிபியு ஃபேன்’ முனையில் செருகுங்கள். அந்த முனையில் துடிப்பு வராவிட்டால் பெரும்பாலான மதர்போர்டுகள் கணினியைத் தொடங்கும்போதே எச்சரித்து நிறுத்தும். செத்த பம்போடு வேலை தொடங்கும் ஆபத்து இல்லை.

தங்காக் இருக்கும் இதே ஜொகூரில், கூலாயில், இந்தக் கணக்கு பிரம்மாண்ட அளவில் நடக்கிறது. அங்குள்ள தரவு மைய வளாகத்துக்காக ஒய்டிஎல் நிறுவனம் 2023 டிசம்பரில் என்விடியாவோடு கைகோத்தது. என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக் ஒன்றில் 72 கிராஃபிக்ஸ் சிப்புகள். சுமார் 120 கிலோவாட், நம் வீட்டுக் கணினியைப்போல 300 மடங்கு. காற்றால் மட்டும் அதை ஆற்ற வழியே இல்லை, திரவம்தான். குளிர்பதன இயந்திரத்தால் தண்ணீரை அறையின் சூட்டுக்குக் கீழேயும் இறக்க முடியும் என்பதால், ஈரக்காற்று குழாயின் மேல் வியர்த்துச் சொட்டாதபடி ஒரு வரம்பையும் அங்கே காக்க வேண்டும். வீட்டில் அந்தக் கவலை இல்லை. ரேடியேட்டர் மட்டும் உள்ள அமைப்பில் தண்ணீர் அறையைவிடக் குளிராது.

எல்லாம் பொருத்தியபின் ஐந்து நிமிடச் சோதனையை நம்பாதீர்கள். தண்ணீர் ஒரு நிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். பிற்பகலில், ஏர்கோன் போடாமல், நீளமான வீடியோ ஒன்றை ரெண்டர் செய்யவிட்டு, அரை மணி கழித்துத் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பத்துக்குள் இருந்தால் காற்றாடி வேகத்தைக் கொஞ்சம் இறக்கலாம். பதினைந்தைத் தாண்டினால் வேகத்தை ஏற்றுமுன் ரேடியேட்டரில் படிந்த தூசியைத் துடையுங்கள்.