அருந்ததி காட்டும் பழைய வானம்

கல்யாண வீட்டில் அம்மி மிதித்தானதும், புரோகிதர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து, "அதோ அருந்ததி, தெரிகிறதா?" என்று கேட்கிறார். உச்சி வெயில் கொளுத்தும் பட்டப்பகலானாலும், மணப்பெண் தெரிவதாகத் தலையை அசைத்து வைக்கிறாள். இரவில், தெளிந்த வானில் பார்த்தால், வடதிசையிலுள்ள ஸப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவே வசிஷ்டரையும், அவரை ஒட்டி மங்கலாக மினுக்கும் அருந்ததியையும் மெய்யாகவே காணலாம். ஆயினும், அப்போதும் நாம் காண்பது இன்றைய அருந்ததி அன்று!

விளக்கை ஏற்றியவுடன் அறை முழுவதும் வெளிச்சம் பரவுவதால், ஒளிக்குப் பிரயாண நேரமே இல்லை என்று நினைக்கத் தோன்றும். அது தவறென்பதை, வியாழனின் சந்திரன் ஒன்று கிரகணம் அடையும் நேரங்களை ஆராய்ந்து, 1676-ல் டென்மார்க் தேசத்து ஓலே ரோமர் எடுத்துக் காட்டினார். ஒளி ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் செல்கிறது. அவ்வளவு வேகமிருந்தும், சூரிய கிரணம் நம்மை அடைய 8 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. ஓராண்டில் ஒளி கடக்கும் தூரமாகிய ஏறக்குறைய 9½ லட்சம் கோடி கிலோ மீட்டரையே ஓர் ஒளியாண்டு என்கிறோம்.

எட்டாத நக்ஷத்திரத்தின் தூரத்தை எப்படி அளப்பது? கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல் தோன்றும். விரலைத் தூரத் தள்ளினால் அம்மாற்றம் குறையும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் 30 கோடி கிலோ மீட்டர் விலகிய இரண்டு இடங்களிலிருந்து ஒரே நக்ஷத்திரத்தைப் பார்க்கிறோம். அதன் தோற்றம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் தூரம் கிடைத்துவிடும். இவ்விதம் முதன்முதலில் ஒரு நக்ஷத்திரத்தின் தூரத்தைக் கணித்து 1838-ல் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் பெஸ்ஸல்.

இந்த முறையால் அளந்ததில், அருந்ததி சுமார் 82 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது தெரிய வந்திருக்கிறது. அப்படியானால், இன்றைய மணப்பெண்ணின் கண்ணில் விழும் ஒளி, 'வெள்ளையனே வெளியேறு' என்று 1942-ல் தேசமெங்கும் முழக்கம் எழுந்த காலத்தை ஒட்டி அங்கிருந்து புறப்பட்டது. அது சிறிது தூரமே கடந்திருந்தபோதே நாம் விடுதலை பெற்றுவிட்டோம். அந்த முழக்கத்தைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. ஒளி மட்டும் வழி தவறாமல் இப்போதுதான் வந்து சேர்கிறது.

அருந்ததியோ அண்டை வீட்டுக்காரி. வெறும் கண்ணுக்கே மங்கலாய்த் தெரியும் ஆண்ட்ரமீடா மண்டலத்தின் ஒளி சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. 2021-ல் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ, 1,300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய ஒளியையும் பிடித்துக் காட்டியிருக்கிறது. வானம் என்பது ஒரே நாளில் எழுதிய ஏடு அன்று. அதன் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு யுகத்தைச் சேர்ந்தது.

இன்றிரவு அருந்ததியை விட்டுக் கிளம்பும் ஒளி இங்கு வந்து சேர இன்னும் 82 ஆண்டுகள் வேண்டும். அதைப் பார்க்கப் போவது இந்த மணப்பெண் அல்லள். அவளுடைய பேத்தியோ, கொள்ளுப் பேத்தியோ, தன் கல்யாணத்தன்று வாசலில் நின்று காணக்கூடும்.