பாம்புச் சட்டை சொல்லும் சேதி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற மார்கழி விடுமுறையில் எங்கள் வீட்டு வைக்கோற்போரின் அடியில் நீளமான பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. "புள்ளியும் இல்ல, பட்டையும் இல்ல. எந்தப் பாம்புன்னு காலேசு படிக்கிறவன் சொல்லேன்டா" என்றார் அம்மா. பள்ளி வாசலை மிதியாத அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

சட்டையில் நிறம் ஏன் இல்லை? பாம்பின் கருமையும் பழுப்பும் பெரும்பாலும் தோலின் உள்ளடுக்கு நிறமிச் செல்களில் இருப்பவை. உரிந்து விழுவதோ மேலடுக்கு. நிறம் பாம்போடு போய்விடுகிறது. செதிலின் மேற்பரப்பு மட்டும் அச்செடுத்தாற்போல் சட்டையில் நிற்கிறது. அந்த மேற்பரப்புக்கும் பாம்பின் தோற்றத்தில் பெரும்பங்கு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கட்டுவிரியனின் செதில் வழுவழுப்பானது. ஒளியை ஒரே பக்கமாகத் திருப்புவதால் பளபளக்கிறது. கண்ணாடி விரியனுக்குப் பெயரில்தான் கண்ணாடி! அதன் செதில்களின் நடுவே வரப்புப்போல் ஒரு மேடு ஓடுகிறது. பட்ட ஒளி நாலாபுறமும் சிதறுவதால் மேனி மங்கித் தெரிகிறது. சருகுக்குள் கிடந்தால் கண்ணில் படாது.

இவை கைலென்சிலேயே தெரிபவை. இன்னும் நுண்ணிய வேலைப்பாடும் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளின் மேனியில் வானவில் நிறங்கள் மின்னும். செதில்மேல் ஒளியின் அலைநீளத்திற்கு ஒப்பான நெருக்கத்தில் ஓடும் வரிகளே காரணம் என மின்னணு நுண்ணோக்கியால் கண்டு, 1977-இல் கார்ல் கான்ஸ் என்பவர் துணையாளருடன் வெளியிட்டார். நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். பத்து லட்சம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்!

இதற்கு நேர்மாறானது மேற்கு ஆப்பிரிக்காவின் கபூன் விரியன். அதன் கருந்திட்டுகள் வெல்வெட்டுத் துணிபோல் ஒளியை விழுங்கிவிடும். அச்செதில்களின்மேல் தங்கமும் பல்லேடியமும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசிப் பார்த்தார்கள் ஜெர்மானிய ஆய்வாளர்கள். அப்போதும் அவை கறுப்பாகவே இருந்தன! நிறமியோடு நுண்முகடுகளும் சேர்ந்து ஒளியைச் சிக்கவைப்பதை 2013-இல் விளக்கினார்கள்.

எங்கள் ஊரில் சிலர் மினுமினுக்கும் பாம்பைச் சாது என்பார்கள். கொடிய கட்டுவிரியன் மினுமினுக்கிறது. நஞ்சற்ற நீர்க்கோலியோ வரப்புச் செதிலோடு மங்கலாக இருக்கிறது. ஆகவே பளபளப்பை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து.

விடுமுறை முடிந்ததும் சட்டையைக் கல்லூரிக்கு எடுத்துவந்து கைலென்சில் பார்த்தேன். செதில்தோறும் வரப்பு இருந்தது. நீர்க்கோலி என்று மகிழ்ந்துவிட்டேன். ஆசிரியரோ தலைப்பகுதியைக் காட்டினார். நீர்க்கோலியின் தலையில் பெரிய தகடுகள் இருக்கும். இதில் முழுவதும் பொடிச் செதில்கள். வாலின் அடியிலும் செதில்கள் இரட்டையாக இருந்தன. சுருட்டை விரியனுக்கும் மண்ணுளிக்கும் அவை ஒற்றை. ஐயமில்லை, கண்ணாடி விரியன்.

அந்தப் போரில்தான் அம்மா நாள்தோறும் இருட்டிய பிறகு வெறுங்கையால் வைக்கோல் பிடுங்கி வந்தார். அந்த வாரமே ஊருக்குப் போய்ச் சொன்னேன். இப்போது மாட்டுக்கு வேண்டியதைப் பொழுதிருக்கவே பிடுங்கி வைத்துவிடுகிறார். அதுவும் முதலில் கோலால் தட்டிப் பார்த்த பிறகுதான்.