ஸெல்டா வரிசையில் சிறந்தது எது? ஒரு விவாதமும் சில அளவுகோல்களும்

ஒரே எழுத்தாளரின் நாவல்களுள் எது சிறந்தது என்று வாசகர்கள் வாதிடுவதை நாம் அறிவோம். வீடியோ விளையாட்டு உலகிலும் அதுபோன்ற ஒரு விவாதம் பல ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவருகிறது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986 பெப்ரவரி 21 ஆம் திகதி 'த லெஜெண்ட் ஒஃப் ஸெல்டா' என்ற சாகச விளையாட்டை வெளியிட்டது. அந்த வரிசை இன்றுவரை தொடர்கிறது. அதிலே தலைசிறந்தது எது என்பதுதான் விவாதம். விளையாட்டைப் பற்றி வாதிடுவதில் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஒரு படைப்பை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி இந்த விவாதத்துக்குள் இருக்கிறது. ஆகவேதான் இதை எமது இலக்கிய மலரில் எழுதத் துணிந்தேன்.

இவ்வரிசையை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். ஹைரூல் என்பது ஒரு கற்பனை இராச்சியம். அதன் இளவரசி ஸெல்டா. கேனன் என்ற தீய சக்தி நாட்டைப் பிடிக்க முயல்கிறது. லிங்க் என்ற இளைஞன் வாளேந்திப் புறப்படுகிறான். பச்சை உடை அணிந்த அந்த இளைஞனின் பெயர்தான் ஸெல்டா என்று எண்ணுவோர் பலர். ஆனால் நாம் இயக்குவது லிங்க்கை, தலைப்பில் இருப்பது இளவரசியின் பெயர். ஒவ்வொரு விளையாட்டிலும் காடு, மலை, குகை என்று திரிந்து, புதிர்களை அவிழ்த்து, புதிய கருவிகளைப் பெற்று முன்னேற வேண்டும். இதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோ நகருக்கு அண்மையில் உள்ள சொனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அங்குள்ள மலைகளிலும் குகையிலும் சுற்றித் திரிந்த அனுபவமே இந்த விளையாட்டின் விதை என்று அவர் கூறியிருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் இந்த விவாதம் உண்டு. சாச்சா தன் இளமைக் காலத்தில் விளையாடிய 'ஒக்கரினா ஒஃப் டைம்' என்பதற்கு நிகர் எதுவுமில்லை என்பார். தம்பிக்கோ 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

"அதெல்லாம் சரி மகன், ஒக்கரினா வராட்டி ஒங்கட விளையாட்டு எங்கால வரும்?" என்பார் சாச்சா.

"சாச்சா, அதுல பாதி நேரம் தண்ணிக் கோயிலுக்குள்ளதானே நீங்க வழி தெரியாம நிக்கிறீங்க!" என்பான் தம்பி.

இருவரும் சொல்வது உண்மை. இருந்தும் இருவருக்கும் உடன்பாடு வருவதில்லை. கவனித்துக் கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஒருவர் மீற்றரால் அளக்கிறார், மற்றவர் கிலோவால் நிறுக்கிறார். 'சிறந்தது' என்ற ஒரே சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பொருள்களைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம்.

வழி திறந்தது எது?

சாச்சாவின் அளவுகோல் இது. 1998 நவம்பரில் 'ஒக்கரினா ஒஃப் டைம்' வெளிவந்தபோது, முப்பரிமாண உலகில் சண்டையிடுவது எப்படி என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. எதிரி எந்தப் பக்கம், நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தடுமாறும் நிலை. ஒரு பொத்தானை அழுத்தினால் பார்வை எதிரியின் மீது நிலைத்து நிற்கும் முறையை இந்த விளையாட்டு கொண்டுவந்தது. கியோட்டோவில் உள்ள ஒரு திரைப்படப் பூங்காவில் வாள்வீச்சுக் காட்சியைப் பார்த்ததிலிருந்து அந்த யோசனை பிறந்ததாக அதை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்னர் வந்த எண்ணற்ற விளையாட்டுகள் அந்த முறையைப் பின்பற்றின. ஜப்பானின் ஃபமிட்சு சஞ்சிகை வரலாற்றில் முதன்முறையாக 40 க்கு 40 புள்ளி வழங்கியதும் இதற்கே. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் இதன் புள்ளி 99. அங்கே இதைவிட உயர்ந்த புள்ளி வேறெந்த விளையாட்டுக்கும் இல்லை.

ஆனால் தம்பியின் கிண்டலிலும் நியாயம் உண்டு. தண்ணீர்க் கோயில் என்ற பகுதியில் இரும்புச் சப்பாத்தைப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் ஒவ்வொரு தடவையும் விளையாட்டை நிறுத்திப் பட்டியலைத் திறக்க வேண்டும். அது பலரைச் சலிப்படையச் செய்தது. 2011 இல் புதுப்பித்து வெளியிட்டபோது நிண்டெண்டோவே அந்தக் குறையைத் திருத்தியது. வழி திறப்பது ஒன்று, குறையின்றி இருப்பது வேறொன்று.

சுதந்திரம் தருவது எது?

தம்பியின் அளவுகோல் இது. 2017 மார்ச் 3 ஆம் திகதி வெளிவந்த 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' விளையாடுபவரை ஒரு மேட்டுநிலத்தில் விடுகிறது. அங்கே அடிப்படைகளைக் கற்றதும் முழு நாடும் திறந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் எந்த மலையிலும் ஏறலாம். நினைத்தால் நேராக இறுதி எதிரியிடமே போகலாம், தோற்றுப்போய்த் திரும்பியும் வரலாம். ஒரு புதிருக்கு ஒரே விடை என்ற கட்டாயம் இல்லை. மரம் எரியும், இரும்பு மின்னலை ஈர்க்கும், மழையில் பாறை வழுக்கும். இயற்கையின் விதிகளை அறிந்தவருக்குப் புதிய வழிகள் பிறக்கும். 2023 மே மாதம் வந்த 'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்' இன்னும் ஒருபடி மேலே சென்று, பலகையையும் சில்லையும் ஒட்டி வண்டி, படகு, பறக்கும் பொறி எல்லாம் செய்ய இடம் தந்தது. முதல் மூன்று நாட்களில் அது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது.

பழைய இரசிகர்கள் இதை ஏற்பதில்லை. அக்கால விளையாட்டுகளில் நீண்ட நிலவறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் நுட்பமாகப் பின்னப்பட்ட ஒரு பெரும் புதிர். 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' அவற்றுக்குப் பதிலாக 120 சிறிய சன்னதிகளைத் தந்தது. வாளும் வில்லும் சில சண்டைகளுக்குள் உடைந்துபோவதையும் பலர் வெறுத்தார்கள். உடைவதால்தான் புதிய வழியைத் தேடுகிறோம் என்று வேறு பலர் அதையே பாராட்டினார்கள். ஒருவருக்குக் குறையாகத் தெரிந்தது மற்றவருக்கு நிறையானது.

காலத்தை வென்றது எது?

2000 ஆம் ஆண்டு ஒரு கண்காட்சியில் நிண்டெண்டோ, நிஜ மனிதரைப் போன்ற லிங்க் வாள்வீசும் காட்சியைக் காட்டியது. இரசிகர்கள் மகிழ்ந்தார்கள். மறு ஆண்டு காட்டப்பட்டதோ பெரிய கண்களுடன் சித்திரப்படத்தில் வருவதுபோன்ற ஒரு சிறுவன். சிறுபிள்ளைத்தனம் என்று பலரும் கொதித்தார்கள். 2002 இறுதியில் ஜப்பானில் 'விண்ட் வேக்கர்' என்ற பெயரில் அது வெளிவந்தது. இன்று அந்த விவாதத்தைத் திரும்பிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நிஜம்போலத் தோன்ற முயன்ற அக்கால விளையாட்டுகள் பல இப்போது மங்கித் தெரிகின்றன. 'விண்ட் வேக்கர்' கடலும் அலையும் தீவுகளும் நேற்று வரைந்தவைபோல இருக்கின்றன. வெளிவந்த நாளில் சொல்லப்படும் தீர்ப்பு இறுதித் தீர்ப்பல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெயருக்குரியவள் என்ன செய்கிறாள்?

எமது மாணவியருக்காக இந்த அளவுகோலை நான் சேர்க்கிறேன். 'ஒக்கரினா ஒஃப் டைம்' கதையில் ஸெல்டா ஏழு ஆண்டுகள் ஷீக் என்ற மாறுவேடத்தில் வாழ்ந்து, லிங்க்குக்கு வழிகாட்டுகிறாள். தான் இளவரசி என்று வெளிப்படுத்தியதும் சிறைபிடிக்கப்படுகிறாள். 'விண்ட் வேக்கர்' கதையில் டெட்ரா என்ற துணிச்சலான பெண் ஒரு கப்பலுக்கே தலைவி. அவள்தான் ஸெல்டாவின் வழித்தோன்றல் என்று தெரியவந்ததும், பாதுகாப்புக்காகக் கடலடிக் கோட்டையில் தங்கியிருக்கும்படி அவளுக்குச் சொல்லப்படுகிறது. கடைசிச் சண்டையில் வில்லேந்தித் துணைநிற்கிறாள் என்பது ஓர் ஆறுதல். வேடத்தில் இருக்கும்வரை செயல், பட்டம் வந்ததும் காத்திருப்பு. இந்த ஒழுங்கை இரண்டிலும் காணலாம்.

1990களில் வேறொரு நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்ட சில விளையாட்டுகளில் ஸெல்டா நாயகியாக வந்ததுண்டு. ஆனால் நிண்டெண்டோவின் பிரதான வரிசையில் அவளே கதையின் நாயகியாவதற்கு 38 ஆண்டுகள் சென்றன. 2024 செப்டெம்பரில் 'எக்கோஸ் ஒஃப் விஸ்டம்' வெளிவந்தது. இதில் லிங்க் காணாமற்போகிறான், ஸெல்டா தேடிப் புறப்படுகிறாள். அவளது கையில் இருப்பது ஒரு மந்திரக்கோல். காணும் பொருளை நினைவில் பதித்து, வேண்டிய இடத்தில் அதன் பிரதியை உருவாக்குவாள். கட்டில்களை அடுக்கிப் படிக்கட்டாக்குவாள், களைத்தால் அதே கட்டிலில் படுத்துத் தெம்பு பெறுவாள். இதன் இயக்குநர்களுள் ஒருவரான டொமொமி சானோ, இவ்வரிசையில் ஒரு விளையாட்டை இயக்கிய முதல் பெண். இந்த அளவுகோலில் முதலிடம் இதற்கே. நாயகி ஒரு பெண் என்பதற்காக எல்லா அளவுகோலிலும் முதலிடம் கொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

மனதில் நிற்பது எது?

2000 ஆம் ஆண்டின் 'மஜோராஸ் மாஸ்க்' விளையாட்டில், மூன்று நாட்களில் சந்திரன் ஊரின் மீது விழப்போகிறது. ஒவ்வொரு முறையும் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி முதல் நாளுக்கு வரலாம். ஆனால் நீங்கள் உதவிய மனிதர்கள் உங்களை மறந்து, மீண்டும் பழைய துயரத்தில் இருப்பார்கள். இதையே தலைசிறந்தது என்போர் ஒரு தனிக் கூட்டம்.

எனது வாக்கு அதைவிடவும் சிறிய ஒன்றுக்கு. 1993 இல் கைக்கடக்கமான கேம் போய் கருவிக்கு வந்து, 2019 இல் புதுப்பிக்கப்பட்ட 'லிங்க்ஸ் அவேக்கனிங்' அது. வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியர்கள் சிலர் ஆசைக்காகச் செய்யத் தொடங்கியதே பின்னர் முழு விளையாட்டாக வளர்ந்தது. இதில் ஸெல்டா வருவதில்லை, ஹைரூலும் இல்லை. கப்பல் உடைந்து கொஹோலின்ட் என்ற தீவில் ஒதுங்கும் லிங்க்கை மரின் என்ற பெண் காப்பாற்றுகிறாள். கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிவது அவளது ஆசை. லிங்க் வீடு திரும்ப வேண்டுமானால், மலையுச்சியில் ஒரு பெரிய முட்டைக்குள் உறங்கும் காற்று மீனை எழுப்ப வேண்டும். பாதி வழியில்தான் உண்மை தெரிகிறது. அந்தத் தீவே அந்த மீனின் கனவு. அது விழித்தால் தீவு மறையும். கடை வைத்திருப்பவர், கோழி வளர்ப்பவர், பாட்டுப் பாடும் மரின் எல்லோரும் மறைவார்கள்.

மற்ற விளையாட்டுகளில் 'செய்து முடி' என்ற கட்டளைக்கு நாம் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிகிறோம். இங்கே முடிக்க முடிக்க மனம் கனக்கிறது. முடிப்பது சரிதானா என்று கேட்க வைக்கிறது. ஒரு நல்ல சிறுகதை செய்வதை இது செய்கிறது. கடலைப் பார்த்து அப்பால் என்ன என்று கேட்கும் பெண்ணைத் தீவில் வாழும் எமக்கு அந்நியமாகத் தோன்றாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். குறைகளும் உண்டு. ஏனையவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கேம் போயில் இரண்டே பொத்தான்கள் இருந்ததால் கருவிகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே வழி திறந்தது எது என்று கேட்டால் நானும் சாச்சாவின் பக்கம்தான். சுதந்திரம் என்றால் தம்பியின் பக்கம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எல்லா ஸெல்டா விளையாட்டும் எல்லா வயதுக்கும் உரியதல்ல. அமெரிக்கத் தரப்படுத்தலின்படி 'லிங்க்ஸ் அவேக்கனிங்' அனைவருக்கும் உரியது. 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு. இருண்ட காட்சிகள் கொண்ட 'ட்வைலைட் பிரின்சஸ்' 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு. நேரமும் அப்படித்தான். முதலாவதைப் பதினைந்து மணித்தியாலம் அளவில் முடித்துவிடலாம். இரண்டாவது பல வாரங்களை விழுங்கிவிடும். பரீட்சை நெருங்கும் காலத்தில் எதைத் தொடங்குவது என்பதற்கு இதுவும் ஓர் அளவுகோல்தான்.

பிள்ளைகள் இவ்வாறு வாதிடும்போது "போதும், படிக்கப் போங்க" என்று சொல்வதற்கு முன், "நீ எதை வைத்துச் சிறந்தது என்று சொல்கிறாய்?" என்று ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். அளவுகோலைச் சொல்லி, சான்று காட்டி, தான் விரும்பியதன் குறையையும் ஒப்புக்கொண்டு பேசத் தெரிந்த பிள்ளை, தமிழ்ப் பரீட்சையில் ஒரு கவிதையை மதிப்பிடும்படி வரும் வினாவுக்கும் அதே முறையில் விடை எழுதும். தோழியரே, அடுத்த முறை நீங்கள் ஒரு நாவலையோ நாடகத்தையோ விளையாட்டையோ சிறந்தது என்று சொல்லும்போது, 'ஏனென்றால்' என்ற சொல்லையும் கூடவே சொல்லுங்கள்.